வார்ப்பிரும்பில் ஆர்க் வெல்டிங்: மறுபடி விரிசல் விடாத பற்றுக்கு

வார்ப்பிரும்பில் போட்ட வெல்டிங் பெரும்பாலும் ஆறும்போதுதான் உடைகிறது. ராடு எரியும்வரை எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஹோல்டரைக் கீழே வைத்துச் சில நிமிடங்கள் கழித்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். பற்றின் ஓரத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியிருக்கும். பட்டறைகளில் ‘சி.ஐ.’ என்று அழைக்கப்படும் இந்த உலோகத்தில் பற்றின் தரத்தை ஆர்க் எரியும் நேரம் பாதியளவே தீர்மானிக்கிறது. அதற்கு முன் செய்யும் தயாரிப்பும், பின் கொடுக்கும் பொறுமையும் மீதியைத் தீர்மானிக்கின்றன.

திருப்பூர் வட்டாரத்தில் இந்த வேலைக்குக் குறைவில்லை. காம்பாக்டிங், காலண்டரிங் மெஷின்களின் பக்கச் சட்டங்கள், கியர்பாக்ஸ் கூடுகள், மோட்டாரின் முனை மூடிகள், டையிங் பட்டறைப் பம்புகளின் கால்கள், கப்பிகள், பவர் டேபிள் பிராக்கெட்டுகள் என உடைந்து வருபவை பல. மேயர், டெரோட், ஃபுகுஹாரா போன்ற பழைய வட்டப் பின்னல் மெஷின்கள் இரண்டாம் கையாக வாங்கப்பட்டு இன்றும் ஓடுகின்றன. அவற்றின் வார்ப்புப் பாகங்களுக்கு மாற்றுக் கிடைப்பது அரிது. அதனால்தான் ஒட்டவைக்கும் கலை இங்கே முக்கியமாகிறது.

தேவையான அளவு கோட்பாடு

சாம்பல் வார்ப்பிரும்பில் கரியின் அளவு சுமார் 2.5 முதல் 4 விழுக்காடு. மைல்ட் ஸ்டீலில் அது பொதுவாக 0.25 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். வார்ப்பிரும்பில் கரி செதில் செதிலாக, கிராஃபைட்டாகப் படிந்திருப்பதால் உலோகம் இழுவிசைக்கு நீள்வதில்லை. 1 விழுக்காடுகூட நீளாமல் முறிந்துவிடும். ஆர்க்கின் சூடு பட்ட ஓரத்தில் இந்தக் கரி இரும்பில் கரைந்து, வேகமாக ஆறும்போது கண்ணாடி போல் கடினமான ஒரு வரியை உண்டாக்குகிறது. அதே நேரத்தில் உருகிய பற்று சுருங்கி இழுக்கிறது. கடினமான வரி, அதன் மேல் இழுப்பு: விரிசலுக்கு இவ்விரண்டும் போதும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றையாவது குறைப்பதற்கே.

முதல் முடிவு: வெல்டிங் செய்யலாமா?

சில பாகங்களைத் தொடவே கூடாது. கொதிகலனின் அழுத்தம் தாங்கும் பாகங்களில் கொதிகலன் ஆய்வாளரின் அனுமதியும் தகுதிச் சான்று பெற்ற வெல்டரும் இல்லாமல் ராடு வைப்பது சட்டப்படியும் குற்றம், உயிருக்கும் ஆபத்து. நீராவி அழுத்தத்தில் ஓடும் பழைய வார்ப்பிரும்பு உலர்த்து உருளைகளும் அப்படியே. வேகமாகச் சுழலும் ஹைட்ரோ எக்ஸ்ட்ராக்டரின் சுழலும் பாகங்கள், பளு தூக்கும் கொக்கிகள், பிரேக் பாகங்கள் ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

வேறு சில பாகங்கள் வெல்டிங்கை ஏற்காது. பாய்லர் அடுப்பின் கிரேட் கம்பிகள் ஆண்டுக்கணக்கில் தீயில் வெந்து, உள்ளே வரை ஆக்சைடு ஏறி வீங்கிப் போயிருக்கும். அவற்றில் பற்று பிடிக்காது, பொரிந்து உதிரும். மாற்றுவதே மலிவு. டையிங் பட்டறைப் பம்பின் உடல் இன்னொரு வகை. சாயக் குளியலில் சேரும் உப்பு நீர் நாளடைவில் வார்ப்பிலிருந்து இரும்பை அரித்துக் கிராஃபைட்டை மட்டும் விட்டுவிடுகிறது. பார்வைக்கு வடிவம் மாறாமல் இருக்கும். பேனாக்கத்தியால் சுரண்டினால் பென்சில் முனை போலக் கறுப்பாக உதிர்ந்தால், அந்தப் பகுதி இரும்பாக இல்லை. நல்ல உலோகம் தெரியும்வரை அரைத்துப் பார்த்து, மிஞ்சும் தடிமன் போதாவிட்டால் வேலையை ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும்.

வட்டப் பின்னல் மெஷினின் படுகை, அதாவது சிலிண்டரும் பெரிய கியரும் உட்காரும் வளையம், தனியாகக் கவனிக்க வேண்டியது. அங்கே மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வளைவுகூடத் துணியில் கோடாகத் தெரியும். அதற்கு மெட்டல் ஸ்டிச்சிங் எனப்படும், சூடில்லாமல் பூட்டுத் துண்டுகளால் விரிசலைத் தைக்கும் முறையே பொருத்தம்.

உலோகத்தை இனங்காணுதல்

1. காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும். ஒட்டாவிட்டால் அது பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. தையல் மெஷின் தலைகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.
2. ஓர் ஓரத்தில் சிறு துளை போட வேண்டும். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் வார்ப்பு எஃகு. பொடியாக உதிர்ந்து விரலைக் கறுப்பாக்கினால் வார்ப்பிரும்பு.
3. தொங்கவிட்டுச் சுத்தியால் மெதுவாகத் தட்ட வேண்டும். மந்தமான ஓசை சாம்பல் வார்ப்பிரும்பு. மணி போல் ஒலித்தால், கிராஃபைட் உருண்டைகளாகப் படிந்த எஸ்.ஜி. இரும்பாக இருக்கலாம்.
4. உடைந்த முகம் வெள்ளியாக மின்னி, துளைக்கும் பிட் வழுக்கினால் அது வெள்ளை வார்ப்பிரும்பு. அதில் வெல்டிங் கூடாது.

ராடு தேர்வு

கையில் இருக்கும் 6013 மைல்ட் ஸ்டீல் ராடை வைத்து ஒட்டிக் கொடுப்பதே இந்த வேலையில் நேரும் முதல் தவறு. உருகும் பற்றில் மூன்றில் ஒரு பங்கு அடி உலோகம் கலந்தாலே, அதன் கரி 1 விழுக்காட்டை எட்டிவிடும். அது ஆறும்போது அரம் வழுக்கும் கடினத்துக்குப் போகும். ராடு மலிவாகக் கிடைத்தாலும் வேலை இரண்டு முறையாகிறது.

நிக்கல் கரியோடு சேர்ந்து கடினமான கூட்டுப்பொருளை உண்டாக்குவதில்லை. மிகுதிக் கரியைக் கிராஃபைட்டாகவே வெளியே தள்ளுகிறது. அப்படிப் படியும் கிராஃபைட் இடம் பிடித்துக்கொள்வதால் பற்றின் சுருக்கமும் ஓரளவு ஈடாகிறது. கடைகளில் இரண்டு வகை கிடைக்கும்.

*தூய நிக்கல் ராடு* (பெட்டியில் இ-என்.ஐ-சி.ஐ. என்ற குறியீடு): பற்று மென்மையாக இருக்கும், லேத்தில் எளிதாகக் கடையலாம். மெல்லிய சுவருக்கும், பின்னால் துளையோ மரையோ போட வேண்டிய இடத்துக்கும் இதுவே.

*நிக்கல்-இரும்பு ராடு* (இ-என்.ஐ.எஃப்.இ-சி.ஐ., சுமார் 55 விழுக்காடு நிக்கல்): வலு அதிகம், சுருக்கம் குறைவு. தடித்த பாகம், எஸ்.ஜி. இரும்பு, வார்ப்பிரும்பை எஃகோடு இணைக்கும் வேலை ஆகியவற்றுக்கு ஏற்றது.

கடைய வேண்டாத, அழுத்தம் இல்லாத ஒரு பிராக்கெட்டுக்கு உலர்த்திய 7018 ராடு நெருக்கடிக்கு உதவலாம். ஆனால் ஓரக் கடினம் அங்கேயும் நீங்காது. நிக்கல் ராடுகள் கடைகளில் ஒன்றிரண்டாகவும் கிடைக்கும். அளந்து வாங்கினால் செலவு கட்டுக்குள் நிற்கும். பெட்டி பிரிந்து ஈரம் ஏறியிருந்தால், தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில் உலர்த்திய பிறகே பயன்படுத்த வேண்டும்.

தயாரிப்பு

நல்ல வெல்டர் மொத்த நேரத்தில் பாதியை இங்கே செலவிடுவார்.

1. பாகத்தை மெஷினிலிருந்து கழற்றி எடுக்க வேண்டும். காரணம் பாதுகாப்புப் பகுதியில் வருகிறது.
2. எண்ணெய், கிரீஸ், பெயின்ட் ஆகியவற்றை நீக்க வேண்டும். டையிங் பட்டறைப் பாகம் என்றால் முதலில் வெந்நீரில் உப்பைக் கழுவி உலர்த்த வேண்டும்.
3. விரிசலின் முனையைக் கண்டுபிடிக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விட்டு, நன்றாகத் துடைத்து, சுண்ணக்கட்டிப் பொடியைத் தடவினால் விரிசலின் வழி ஈரக் கோடாகத் தெரியும். சாயம் ஊடுருவும் சோதனைக்கான மூன்று ஸ்பிரே டப்பாக்கள் இருந்தால் இன்னும் துல்லியம்.
4. கண்ணுக்குத் தெரியும் முனையிலிருந்து 5 மி.மீ. தள்ளி, 3 முதல் 5 மி.மீ. துளை போட வேண்டும். விரிசல் மேலே ஓடாமல் இது தடுக்கும். இரு முனையும் இருந்தால் இரண்டு துளை.
5. விரிசல் வழியே பள்ளம் வெட்ட வேண்டும். 10 மி.மீ. வரையான சுவருக்கு 60 முதல் 70 டிகிரி ‘வி’ வடிவம் போதும். அதற்கு மேல் அடி உருண்ட ‘யு’ வடிவமோ, இரு பக்கமும் வெட்டுவதோ நல்லது. இரண்டாக முறிந்த பாகத்தில், அடியில் 2 மி.மீ. உடைந்த முகத்தை விட்டுவைத்தால் துண்டுகள் பழைய இடத்தில் சரியாக உட்காரும். ஒரு பக்கம் பற்றிய பின், பின்புறமிருந்து அதையும் வெட்டி எடுத்துவிடலாம்.
6. பள்ளத்தைக் கடைசியாக அரத்தால் தேய்க்க வேண்டும். கிரைண்டர் சக்கரம் கிராஃபைட்டை முகத்தில் பூசிவிடுவதால், அரம் படாத இடத்தில் பற்று ஒட்டாமல் உருண்டு ஓடும்.
7. ஆண்டுக்கணக்கில் எண்ணெயில் ஊறிய கியர்பாக்ஸ் கூடு என்றால், கேஸ் டார்ச்சால் பரவலாகச் சூடேற்றி, புகை நிற்கும்வரை எண்ணெயை எரிக்க வேண்டும். பிறகு ஆறவிட்டுக் கம்பித் தூரிகையால் தேய்க்க வேண்டும். முதல் ரன்னில் இன்னும் பொரிப்பொரியாகத் துளை வந்தால் அதை முழுதும் அரைத்து எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். துளைமேல் பற்றி மூடினால் அது உள்ளேயே இருந்து பின்னாளில் கசியும்.

குளிர் முறை: படிப்படியாக

திருப்பூர்ப் பட்டறைகளுக்கு வரும் பெரும்பாலான வேலைக்கு இதுவே ஏற்றது. உலை வேண்டாம், வடிவமும் வளையாது. விதி ஒன்றுதான்: பற்றுக்குப் பக்கத்தில் வெறுங்கையை வைத்துப் பொறுக்க முடிய வேண்டும். கணக்கில் அது 60 டிகிரி செல்சியஸைத் தாண்டாத நிலை.

1. பாகத்தை லேசாகச் சூடாக்கி ஈரத்தைப் போக்க வேண்டும். குளிர்ந்த, வியர்த்த உலோகத்தில் தொடங்கக் கூடாது.
2. மின்னோட்டத்தைக் குறைவாக வைக்க வேண்டும். 2.5 மி.மீ. ராடுக்குச் சுமார் 50 முதல் 80 ஆம்பியர், 3.15 மி.மீ. ராடுக்கு 70 முதல் 110. ராடு ஒட்டிக்கொள்ளாமல் எரியும் மிகக் குறைந்த அளவே சரியான அளவு. டி.சி. மெஷினில் ஹோல்டர் பாசிட்டிவில் இருக்க வேண்டும்.
3. ஆர்க்கைப் பள்ளத்துக்குள் தொடங்க வேண்டும். வெளி முகத்தில் உரசிய ஒவ்வொரு புள்ளியும் ஒரு கடினப் புள்ளி.
4. 20 முதல் 30 மி.மீ. நீளத்துக்கு ஒரே நேரான ரன் போட வேண்டும். ராடை அகலமாக ஆட்டக் கூடாது. ஆர்க் குட்டையாக இருக்க வேண்டும்.
5. முடிவில் குழியை நிரப்பி, ஆர்க்கைப் பற்றின் மேலேயே பின்னுக்கு இழுத்து அணைக்க வேண்டும்.
6. உடனே, சூடு மங்குவதற்குள், உருண்டை முனைச் சுத்தியால் பற்றை மெதுவாகவும் நெருக்கமாகவும் தட்ட வேண்டும். தட்டும்போது பற்று பரவி, சுருக்கத்தின் இழுப்பு குறைகிறது. ஆறிய பற்றை ஓங்கி அடித்தால் விரிசலே வரும்.
7. ஸ்லாக்கை எடுத்துத் தூரிகையால் துடைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட வேண்டும். தண்ணீரோ ஈரத்துணியோ ஊதும் காற்றோ கூடாது.
8. அடுத்த ரன்னை முதல் ரன்னின் தொடர்ச்சியாகப் போடாமல், பள்ளத்தின் வேறொரு பகுதியில் போட வேண்டும். ஒவ்வொரு ரன்னின் முடிவும், பக்கத்தில் ஏற்கெனவே போட்டு ஆறிய ரன்னின் தொடக்கத்தைத் தொடும்படி பின்னோக்கி வருவது நல்ல வழக்கம். துளை போட்ட முனையிலிருந்து தொடங்கி, பாகத்தின் திறந்த ஓரத்தை நோக்கி வேலை நகர வேண்டும்.
9. அகலப் பள்ளமானால் முதலில் இரு சுவர்களிலும் தனித்தனியே நிக்கல் படலம் பூசிவிட்டு, பிறகு நடுவை நிரப்ப வேண்டும். இணைக்கும் இழுப்பு அப்போது நிக்கலின் மேல் விழும், வார்ப்பின் மேல் விழாது.

150 மி.மீ. நீள விரிசலுக்கு, 25 மி.மீ. ரன் என்றால் ஒரு அடுக்குக்கு 6 ரன். 12 மி.மீ. சுவருக்கு மூன்று அடுக்கு ஒரே வரிசையில் முடிந்தாலும் 18 ரன். ஒவ்வொன்றுக்கும் ஆறும் நேரம் 7, 8 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும். தயாரிப்பையும் சேர்த்தால் அரைநாள் வேலை. மெஷின் நிற்கிறது, ஷிப்மென்ட் தேதி நெருங்குகிறது என்ற அவசரத்தில் ஒரே மூச்சில் பற்றிக் கொடுத்தால், அந்த அரைநாள் மிச்சமாவதில்லை. அடுத்த வாரம் இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. மெஷின் உரிமையாளரிடம் இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சூட்டு முறை எப்போது?

தடித்த, சிக்கலான வடிவம், நான்கு பக்கமும் இறுகப் பூட்டிய நிலையிலுள்ள நடுவிரிசல் ஆகியவற்றுக்கு முன்சூடு தேவைப்படும். நிக்கல் ராடோடு 250 முதல் 350 டிகிரி செல்சியஸ் போதும். பாகம் முழுவதும் ஒரே சீராக, மெதுவாகச் சூடாக வேண்டும் என்பதே இங்கே உயிர்நாடி. ஒரு மூலையை மட்டும் டார்ச்சால் காய்ச்சினால் எதிர் மூலை வெடிக்கும். வெப்பத்தை அகச்சிவப்பு வெப்பமானியாலோ சூடு காட்டும் சாக்கட்டியாலோ அளக்க வேண்டும். குளிர் முறையா சூட்டு முறையா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். பாதியில் மாறுவது இரண்டின் கேட்டையும் சேர்த்துத் தரும்.

கப்பியின் ஆரக்கால் உடைந்தால், அதன் இருபுறமும் உள்ள விளிம்பைச் சூடாக்க வேண்டும். விளிம்பு விரிந்து உடைந்த இடைவெளி சற்றே திறக்கும். அப்போது பற்றினால் எல்லாம் ஒன்றாகச் சுருங்கி அமரும்.

ஆறவைப்பதற்கு உலர்ந்த சாம்பல், சுண்ணாம்புப் பொடி, மணல், செராமிக் கம்பளி இவற்றில் ஒன்றில் புதைக்கலாம். விறகு பாய்லர் உள்ள பட்டறைகளில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது எலும்பாய் உலர்ந்திருக்க வேண்டும். ஈரச் சாம்பல் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம். ஒரு இரவு முழுவதும் விட்டு, மறுநாள் எடுக்க வேண்டும். சூடான வார்ப்பைப் பனியன் வேஸ்ட்டால் மூடுவது தீயை அழைப்பது.

தடித்த பாகத்துக்கு ஆணி

25 மி.மீ.க்கு மேல் தடிமனுள்ள, பளு தாங்கும் சட்டங்களில் பற்றின் பிடியை மட்டும் நம்பக் கூடாது. பள்ளத்தின் சாய்ந்த முகங்களில் மரை போட்டு எஃகு ஸ்டட்டுகளைத் திருகி, 5 மி.மீ. அளவு வெளியே நீட்டிவிட வேண்டும். உள்ளே போகும் ஆழம் ஸ்டட்டின் விட்டத்துக்குக் குறையக் கூடாது. ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் முதலில் பற்றி, பிறகு இடைவெளியை நிரப்ப வேண்டும். விரிசல் ஓரத்தின் கடினவரி விட்டுக்கொடுத்தாலும் ஸ்டட்டுகள் உள் உலோகத்தில் பிடித்து நிற்கும்.

பாதுகாப்பு

வெல்டிங்கின் பொதுவான விதிகள் இங்கும் உண்டு: 10 அல்லது 11 எண் கண்ணாடி, தோல் கையுறை, மூடிய காலணி. இந்த வட்டாரத்துக்கே உரிய ஆபத்துகள் சில உண்டு. அவற்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

*பஞ்சுத் தூசி.* நிட்டிங் கூடத்தில் விட்டம், மின்கேபிள், மெஷினின் அடிப்பகுதி என எங்கும் படிந்திருக்கும் பஞ்சு ஒரு பொறியில் பற்றிக்கொண்டு கண்ணுக்குத் தெரியாமல் கனன்று, ஆட்கள் போன பிறகு எரியும். மெஷினிலேயே வைத்துப் பற்றுவதைத் தவிர்க்க முடியாவிட்டால், சுற்றிலும் தூசியை அகற்றி, துணி ரோல்களை வெளியேற்றி, தீயணைப்பானோடு ஒருவரை நிறுத்த வேண்டும். வேலை முடிந்தும் ஒரு மணி நேரம் அவர் அங்கேயே இருக்க வேண்டும்.

*எர்த் கிளாம்ப்.* அதைப் பற்றும் பாகத்திலேயே மாட்ட வேண்டும். மெஷினின் மறுகோடியில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளைக் குழிக்கும், இன்வர்ட்டர், கன்ட்ரோல் போர்டுகளைக் கருக்கும். பாகத்தைக் கழற்றி எடுக்கச் சொன்னது இதனாலும்தான்.

*கறை எடுக்கும் திரவம்.* துணியில் எண்ணெய்க் கறை போக்கும் ஸ்பாட் கன்னில் குளோரின் கலந்த கரைப்பான் இருக்கலாம். அதன் ஆவி ஆர்க்கின் ஒளியிலும் சூட்டிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். பாகத்தை அந்தத் திரவத்தால் துடைக்கவே கூடாது. அது பயன்படும் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் வெல்டிங்கும் கூடாது.

*டையிங் பட்டறையின் ரசாயனம்.* ஹைட்ரோஸ் ஈரம் பட்டாலே தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். பெராக்சைடு எரிவதைத் தூண்டும். இவை வைத்த அறைக்கு அருகில் பொறி பறக்கக் கூடாது. ஈரத் தரையில் நின்று ஹோல்டரைப் பிடிப்பது மின்சாரத்தை உடம்பில் வாங்குவது. உலர்ந்த மரப்பலகையும் ரப்பர் பாயும் வேண்டும்.

*நிக்கல் புகை.* நீண்ட நாள் சுவாசித்தால் புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடியது. திறந்த இடத்தில் காற்று பக்கவாட்டில் போகும்படி நிற்க வேண்டும், அல்லது புகை உறிஞ்சி வைக்க வேண்டும்.

சோதனை

முழுதும் ஆறிய பின் பற்றையும் அதன் இரு ஓரங்களையும் மறுபடி மண்ணெண்ணெய்-சுண்ணக்கட்டிச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். ஓரத்தில் அரம் வைத்துப் பார்க்க வேண்டும். வழுக்கினால் கடினம் அதிகம், அங்கே துளை போடத் திட்டமிடக் கூடாது. பம்பு உடலுக்கு நீரழுத்தச் சோதனை செய்யலாம். அமுக்கிய காற்றால் சோதிக்கவே கூடாது. வார்ப்பிரும்பு வெடித்தால் துண்டுகள் குண்டு போலப் பறக்கும். மோட்டார் மூடி என்றால் பேரிங் உட்காரும் துளை நீள்வட்டமாகியிருக்கிறதா என்று லேத்தில் அளந்து, தேவைப்பட்டால் கடைந்து புஷ் போட வேண்டும்.

மாட்டும் முன், உடைந்ததற்கான காரணத்தைத் தேட வேண்டும். தளர்ந்த அடித்தள போல்ட், நேர்க்கோட்டில் இல்லாத கப்ளிங், அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ட் ஆகியவை சரியாகாத வரை எந்த ராடும் நிற்காது. நல்ல முறையில் பற்றிய பாகம் அதே இடத்தில் இரண்டாம் முறை உடைந்தால் அது வெல்டிங்கின் எல்லையைத் தாண்டிவிட்டது. உடைந்த பாகத்தை மாதிரியாக எடுத்துச் சென்று, சுருக்கத்துக்கு 1 விழுக்காடு கூட்டி, கோயம்புத்தூர் வார்ப்படப் பட்டறை ஒன்றில் புதிதாக வார்த்துக்கொள்வதே சரி.